முகத்துவாரம் அடைபட்டால்...!

எழும்பூர் ஆக்கி அரங்கிலே ஆரவாரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இளைய ரசிகர்கள், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். நிர்வாகப் பீடத்திலே அமர்ந்திருப்போரோ, "மக்களுக்கு ஆர்வம் இல்லை, நாங்கள் என்ன செய்வது!" என்று கையை விரிக்கிறார்கள்.

மக்களுக்கு ஆர்வம் இல்லையாம்! விசாரணை இல்லை, சாட்சி இல்லை, வாதம் இல்லை. தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கிறது. குற்றவாளி யார்? டிக்கெட் வாங்கி, வெயிலிலே குந்தி, தொண்டை வறளக் கத்தியவன்! குற்றம் சாட்டுவோர் யார்? பந்தலின் நிழலிலே, மெத்தை நாற்காலியிலே, மார்பிலே பட்டை குத்திக்கொண்டு அமர்ந்திருந்தோர்!

இந்த வழக்கை விசாரிக்க வேண்டுமானால், எழும்பூரிலேயே நின்றுகொண்டிருந்தால் போதாது. வடக்கே செல்ல வேண்டும். பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காட்டுக் கரைக்குப் போக வேண்டும். "ஆக்கிக்கும் எங்கள் ஏரிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கோட்டைக்குப்பத்துத் தோழர் கேட்பார். கேட்கட்டும். சம்பந்தம் இருக்கிறது. அந்த ஏரிக்கு வரும் நோயும், இந்த அரங்குக்கு வந்த நோயும் ஒன்றே. அதுமட்டுமல்ல, நோய்க்கு மருந்தும் அந்தக் குப்பங்களிலேயே இருக்கிறது.

ஏரி சொல்லும் பாடம்

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரமும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்ட நீர்ப்பரப்பு. மழைக்காலத்திலே ஆற்றுநீர் வந்து விழுகிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி வருகிறது. கடலிலே பிறந்த இறால் குஞ்சு, அந்த வாயிலின் வழியாகத்தான் ஏரிக்குள் நுழைகிறது, வளர்கிறது, வலையிலே விழுகிறது, குப்பத்திலே அடுப்பு எரிகிறது.

அந்த முகத்துவாரத்திலே மணல் மேடிட்டுவிட்டால்? ஏரி மறுநாளே வற்றிவிடாது. நீர் இருக்கும், படகு மிதக்கும், கரையிலே வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் பட்டணத்துக்காரருக்கு, எல்லாம் வழக்கம்போல் இருப்பதாகவே தோன்றும். ஆனால் இறால் வரத்துக் குறையும். மீன் குறையும். கடலுக்குப் புறப்படும் படகு மணலிலே தட்டி நிற்கும். "ஏரியிலே மீனில்லையே, நீ சரியாக வலை வீசவில்லையா?" என்று மீனவனைப் பார்த்து யாராவது கேட்டால், அவன் சிரிப்பான். "மீன் இருக்கிறது ஐயா, கடலிலே. வருவதற்கு வழிதான் இல்லை" என்பான்.

வழி அடைபட்டபோது, மீனவர்கள் ஊர்ப்பணம் போட்டு, தாங்களே முன்னின்று மணலை அகற்றி வாய் திறந்ததுண்டு. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கத் தூர்வாரிக் கற்சுவர் எழுப்ப வேண்டும் என்று ஆண்டுக்கணக்கிலே கோரிக்கை எழுப்பியதும் அவர்களே. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நோய் எங்கே இருக்கிறதென்று.

ஆக்கி அரங்கும் ஓர் ஏரிதான். அங்கே கூட்டம் தானாக ஊறுவதில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து வரவேண்டும், ஊர்க்குழுவிலிருந்து வரவேண்டும், மாவட்டப் பந்தயத்திலிருந்து வரவேண்டும். தன் தெருப்பையன் ஆடுகிறான் என்று பார்க்க வந்தவன்தான், பிறகு நாட்டின் அணி ஆடுகிறது என்று பார்க்க வருவான். அந்த வழி அடைபட்டால், அரங்கு நிற்கும், விளக்கு எரியும், நீலநிறத் தரை பளபளக்கும், ஒலிபெருக்கி பாடும். ஆளைத்தான் காணோம்!

தண்ணீர் நிறைந்திருந்த காலம்

முன்பு எப்படி இருந்தது? ஒலிம்பிக்கிலே ஆடவர் ஆக்கியில் இந்தியா பெற்ற தங்கம் எட்டு. 1928-லே தொடங்கிய கதை அது. அந்தக் கதையிலே தமிழ்நாட்டின் பங்கு சிறிதல்ல. 1964 டோக்கியோவிலே தங்கம் வென்ற அணியிலே வி.ஜே. பீட்டர் ஆடினார். அவருடைய தம்பி பிலிப்ஸ், 1975-லே கோலாலம்பூரிலே உலகக் கோப்பையை வென்ற அணியிலே இருந்தார். ஒரே வீட்டிலிருந்து இருவர்! கிருஷ்ணமூர்த்தி பெருமாள் 1968-லும் 1972-லும் ஒலிம்பிக் வெண்கலம் கொண்டுவந்தார். 1980 மாஸ்கோவிலே ஸ்பெயினை 4-க்கு 3 என்று வென்று எட்டாவது தங்கத்தைத் தூக்கிப் பிடித்த அணிக்குத் தலைவர் யார்? நமது சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன்!

இவர்கள் வானத்திலிருந்து குதித்து வந்தவர்களல்லர். வாய்க்கால் இருந்தது, வந்தார்கள். சென்னையிலே எம்.சி.சி. கோப்பைப் பந்தயம் 1901-லேயே தொடங்கியது. பின்னர் முருகப்பா பெயரும் சேர்ந்து, இன்றும் எழும்பூரிலே நடைபெறுகிறது. இந்தியன் வங்கி, ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஆட்டக்காரனுக்கு ஆக்கித் தடி சோறு போட்டது. ஆபீஸ் விட்டதும் அந்தந்த நிலையத்துத் தோழர்கள், தங்கள் குழு ஆடுவதைப் பார்க்க அரங்குக்கு வந்தார்கள். மேலே ஆடுபவன், கீழே உட்கார்ந்திருப்பவனின் சக தொழிலாளி! அப்படிப்பட்ட கூட்டம் கத்தும்போது, அதிலே ஓர் உரிமை இருந்தது. விளம்பரத்துக்காக அழைத்து வந்த கூட்டத்திடம் அந்த உரிமையை எதிர்பார்க்க முடியுமா?

மணல் மேடிட்ட கதை

மணலைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் யார்? இனி அதைப் பார்ப்போம்.

1998. பாங்காக்கிலே ஆசிய விளையாட்டு. 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஆக்கி அணி அங்கே தங்கம் வென்றது. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனாவுக்கு அருகே கட்கியிலே, தமிழ்க் குடும்பத்திலே பிறந்தவர். ஒடிந்த தடியை ஒட்டவைத்து ஆடப் பழகியவர். வென்று திரும்பிய வீரனுக்கு மாலை போடுவார்கள். ஆக்கி நிர்வாகம் என்ன செய்தது? தன்ராஜையும் மற்றும் சில மூத்த ஆட்டக்காரர்களையும் அணியிலிருந்து விலக்கி வைத்தது! பயிற்சியாளர் கௌசிக்கும் போனார். நியாயமான ஊதியம் வேண்டும், வசதி வேண்டும் என்று வாய்திறந்த குற்றத்துக்குத்தான் இந்தப் பரிசு என்று நாடே பேசிற்று.

அந்தத் தன்ராஜ் நான்கு ஒலிம்பிக்கிலும் நான்கு உலகக் கோப்பையிலும் ஆடியவர். அவர் நாட்டுக்காக அடித்த கோல்கள் எத்தனை? ஒழுங்கான கணக்கு இல்லை! நிர்வாகம் எழுதி வைக்கவில்லை. பழவேற்காட்டிலே ஒரு கூடை இறாலுக்கு எடை உண்டு, விலை உண்டு, பங்கு உண்டு, கணக்கு உண்டு. இந்திய நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரன் அடித்த கோலுக்குக் கணக்கு இல்லை! இதைவிடவா வேறு சாட்சி வேண்டும்?

2007 செப்டம்பர். எழும்பூர் அரங்கிலே ஆசியக் கோப்பை இறுதியாட்டம். தென்கொரியாவை இந்தியா 7-க்கு 2 என்று வென்றது. ஆசியாவின் முதல்வன் நாமே என்று கொண்டாடினோம். ஆறே மாதம்! 2008 மார்ச்சிலே, சாண்டியாகோவிலே, பிரிட்டனிடம் 2-க்கு 0 என்று தோற்று, பீஜிங் ஒலிம்பிக்குக்குச் செல்லும் தகுதியை இழந்தோம். 1928-க்குப் பிறகு முதன்முறையாக, இந்திய ஆக்கி அணி இல்லாத ஒலிம்பிக்! எட்டுத் தங்கம் வாங்கிய வீட்டிலே எண்பது ஆண்டுகளுக்குப் பின் எரியும் விளக்கு அணைந்தது.

அப்போது ஆக்கி சம்மேளனத்தின் தலைவர் யார்? கே.பி.எஸ். கில். பஞ்சாபிலே போலீஸ் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994-லிருந்து 14 ஆண்டுகள் அதே நாற்காலி. அந்தக் காலத்திலே பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள், மீண்டும் வந்தார்கள், மீண்டும் போனார்கள். நாற்காலி மட்டும் அசையவில்லை! தோற்றால் பயிற்சியாளர் குற்றவாளி, ஆட்டக்காரன் குற்றவாளி, தரை குற்றவாளி, வானிலை குற்றவாளி. நிர்வாகி மட்டும் நிரபராதி!

2008 ஏப்ரலிலே, வீரர் தேர்வுக்காகப் பணம் கைமாறுவதாகத் தொலைக்காட்சி ஒன்று காட்சிகளை வெளியிட்டது. குற்றச்சாட்டுக்கு ஆளான பொதுச்செயலாளர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம், ஆக்கி சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. அந்தச் செயலாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். குற்றமெல்லாம் டில்லியிலே, குணமெல்லாம் நம்மிடத்திலே என்று பேசிக் கைதட்டல் வாங்கலாம், அது எளிது. ஆனால் மணல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முகத்துவாரத்தை அடைக்கத்தான் செய்கிறது.

சம்மேளனம் போயிற்று, 'ஆக்கி இந்தியா' வந்தது. பெயர்ப்பலகை மாறினால் பிணி தீர்ந்துவிடுமா? 2010 சனவரியிலே, டில்லி உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத வேளையிலே, புனா முகாமிலே ஆட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். ஏன்? தரவேண்டிய பணம் தரப்படவில்லை! நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுபவன், கூலிக்காக வேலை நிறுத்தம் செய்யவேண்டிய நிலை! பிறகு 2022 மே மாதத்திலே டில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆக்கி இந்தியா உருவாக்கி வைத்திருந்த ஆயுள்காலத் தலைவர், ஆயுள்கால உறுப்பினர் என்ற பதவிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. நிர்வாகத்தைக் கவனிக்க மூவர் குழுவை அமைத்தது. ஆயுள்காலத் தலைவராம்! அரசர்கள் போனார்கள், சமஸ்தானங்கள் போயின, பட்டங்கள் போயின. விளையாட்டுச் சங்கத்திலே மட்டும் பட்டாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது!

மூன்று சட்டை, மூன்று பெயர்

நிர்வாகத்தின் குளறுபடிக்கும், அரங்கிலே ஆரவாரம் அடங்கியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சொல்லுகிறேன்.

2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு, பெரிய சர்வதேசப் பந்தயம் சென்னைக்கு மீண்டும் வந்தது எப்போது? 2023 ஆகஸ்டிலே! இடையிலே 16 ஆண்டுகள். ஏழு வயதிலே தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பூருக்கு வந்த சிறுவனை எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை இந்திய அணியை அதே அரங்கிலே பார்க்கும்போது அவனுக்கு வயது 23! பள்ளிப் பருவம் முடிந்தது, கல்லூரி முடிந்தது, மீசை முளைத்தது. ரசிகன் உருவாகும் வயது முழுவதும் அந்த வாயில் அடைபட்டுக் கிடந்தது. அவன் ஏன் வரவில்லை என்று இன்று கேட்கிறார்கள்!

போகட்டும், உள்நாட்டு லீக் ஆட்டமாவது இருந்ததா? இருந்தது, எப்படி? 2005-லே ஒரு லீக் வந்தது. அதிலே நமது அணியின் பெயர் 'சென்னை வீரன்ஸ்'. 2008-உடன் அந்த லீக் முடிந்தது. 2012-லே இன்னொரு லீக். இதிலே நமது அணி 'சென்னை சீட்டாஸ்'. பழைய சம்மேளனம் நடத்திய அந்தப் பந்தயத்தை ஆக்கி இந்தியா ஏற்கவில்லை. இரண்டு நிர்வாகங்களின் சண்டையிலே, ஒரே ஆண்டோடு அது மறைந்தது. 2013-லே ஆக்கி இந்தியாவே ஒரு லீக் தொடங்கியது. 2017 வரை நடத்தியது. அதிலே தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. பிறகு அதுவும் நின்றது. 2024 டிசம்பரிலே மீண்டும் தொடங்கியபோது 'தமிழ்நாடு டிராகன்ஸ்' பிறந்தது. மகிழ்ந்தோம். எங்கே ஆடியது? ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்! தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணி, தன் முதல் பருவத்திலே தமிழ்நாட்டு மண்ணிலே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2026 சனவரியிலேதான் சென்னைக்கு ஆட்டங்கள் வந்தன.

வீரன்ஸ் சட்டையைப் பெட்டியிலே வைத்தவன், சீட்டாஸ் சட்டை வாங்கினான். அதையும் பெட்டியிலே வைத்துவிட்டு, டிராகன்ஸ் சட்டைக்குக் காத்திருந்தான். இருபது ஆண்டிலே மூன்று பெயர்! எந்தப் பெயரைச் சொல்லி அவன் கத்துவது? எந்த அணி அடுத்த ஆண்டும் இருக்கும் என்று அவன் நம்புவது? பாசம் என்பது பழகிப் பழகி வளர்வது. பழகத் தொடங்குமுன்பே பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டு, "ரசிகர்களுக்குப் பற்றில்லை" என்று சொல்லுவது, விதையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நிலம் மலடு" என்று சொல்லுவதற்குச் சமம்.

"கிரிக்கெட் விழுங்கிவிட்டது!"

உடனே ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, ஆக்கியை யார் பார்ப்பார்கள்?" என்று.

அப்படியா? 2023 ஆகஸ்டிலே எழும்பூரிலே நடந்தது என்ன? ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. பாகிஸ்தானை 4-க்கு 0 என்று இந்தியா வென்ற அன்று அரங்கிலே இடமில்லை. மலேசியாவோடு இறுதியாட்டம்; 1-க்கு 3 என்று பின்தங்கி, பிறகு எழுந்து, 4-க்கு 3 என்று வென்றபோது எழும்பிய முழக்கத்தைக் கேட்டவர்கள், சென்னையிலே ஆக்கி செத்துவிட்டது என்று சொல்லத் துணியமாட்டார்கள். அந்த அணியிலே அரியலூர்க் கார்த்தி செல்வமும் ஆடினார். கிரிக்கெட் அந்த வாரம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஆனாலும் மக்கள் வந்தார்கள். ஏன்? கதவு திறந்தது, வந்தார்கள்! 2025 நவம்பர், டிசம்பரிலே இளையோர் உலகக் கோப்பை, 24 நாடுகளோடு, சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்திய இளைஞர்கள் அர்சென்டினாவை 4-க்கு 2 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள். மதுரைக்கு ஒரு புதிய ஆக்கி அரங்கு கிடைத்தது. நல்லது, பாராட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வி: பதின்மூன்று நாள் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு, மற்ற 352 நாளும் அந்தத் தரையிலே யார் ஆடுகிறார்கள்? நுழைவு இலவசம் என்று சொல்லிக் கூட்டத்தை ஒரு நாள் அழைத்துவரலாம். அந்தக் கூட்டத்தை ஊராக்க, உறவாக்க, இலவசம் போதாது, தொடர்ச்சி வேண்டும்.

இன்னொரு சமாதானமும் உண்டு. "பதக்கம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. டோக்கியோவிலே, 2021-லே, ஜெர்மனியை 5-க்கு 4 என்று வென்று, 41 ஆண்டுக்குப் பிறகு வெண்கலம். பாரிசிலே, 2024-லே, ஸ்பெயினை 2-க்கு 1 என்று வென்று மீண்டும் வெண்கலம். இதற்கு ஒடிசா மாநில அரசு 2018-லிருந்து தந்த ஆதரவு பெரிது. ஒரு மாநிலம் மனம் வைத்தால் ஒரு நாட்டின் ஆட்டத்தையே தாங்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள், தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு மாநிலம் தாங்குகிறது என்பதே, மற்ற மாநிலங்களிலே தரை எப்படிக் கிடக்கிறது என்பதற்கும் சாட்சியல்லவா? 2004 ஏதென்சிலே ஆதம் சின்கிளேர் ஆடினார். அதற்குப் பிறகு 2024 பாரிஸ் வரையிலே, ஆடவர் ஒலிம்பிக் ஆக்கி அணியிலே தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் ஒருவரும் இல்லை. பீட்டரையும் பெருமாளையும் பாஸ்கரனையும் அனுப்பிய நாடு, இருபது ஆண்டாக வாசலிலே நின்று பார்க்கிறது!

கோட்டை கட்டியவனைப் பார்!

வாயிலைத் திறந்து வைத்திருக்கும் நாடு எப்படி இருக்கும்? அதற்கும் பழவேற்காட்டிலேயே ஓர் அடையாளம் உண்டு. 1613-லே அங்கே கெல்டிரியா என்று பெயர் வைத்துக் கோட்டை கட்டினானே ஒல்லாந்தன், அவனுடைய நாட்டைப் பாருங்கள். கோட்டை இடிந்துவிட்டது, கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. வாணிபம் செய்ய வந்து, மனிதர்களையே அடிமைகளாக விலைபேசி ஏற்றிச் சென்றவன் அவன். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஆக்கியிலே, அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

இரண்டு கோடி மக்கள்கூட இல்லாத நாடு நெதர்லாந்து. அங்கே ஆக்கிக் கிளப்புகளிலே பெயர் பதிந்து ஆடுவோர் இரண்டு லட்சத்துக்கும் மேல்! தந்தை ஓர் அணி, தாய் ஓர் அணி, மகள் ஓர் அணி. கிளப்பை நடத்துவது யார்? ஆடுகிறவர்களே, சந்தா கட்டுகிறவர்களே. வார இறுதியிலே தன் கிளப்பிலே ஆடியவன், நாட்டின் அணி ஆடும்போது குடும்பத்தோடு அரங்குக்குப் போகிறான். அவனை அழைக்க இலவசச் சீட்டு வேண்டியதில்லை. 2024 பாரிசிலே ஆடவர் தங்கமும் அவர்களுக்கு, மகளிர் தங்கமும் அவர்களுக்கு! முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரியிலே மீன் துள்ளும். இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

"அது பணக்கார நாடு" என்பீர்கள். சரி, பணக்கார நாட்டை விடுங்கள், கோவில்பட்டியைப் பாருங்கள். கரிசல் பூமி, தீப்பெட்டித் தொழிலிலே கை தேய்ந்த ஊர். அங்கே சிற்றூர்தோறும் ஆக்கிக்குழு உண்டு. அரசின் பயிற்சி விடுதி உண்டு. லட்சுமி அம்மாள் நினைவுப் பந்தயத்துக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வருகின்றன. மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணிலிருந்துதான் இந்திய அணிக்குப் போனார். பணமா காரணம்? இல்லை. வழி அடைபடவில்லை; அதுவே காரணம்.

பாடு தெரியுமா?

மருந்தும் பழவேற்காட்டிலேயே இருக்கிறது என்று தொடக்கத்திலே சொன்னேன். அதற்கு வருகிறேன்.

'பாடு' என்பது அந்த ஏரியிலே தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியிலே இறால் நன்றாக விழும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுகிறார்கள். இன்ன இடத்திலே, இன்ன நாளிலே, இன்னார் வலை கட்டலாம் என்று முறை. யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். வலுத்தவன் வளைத்துக்கொள்ள முடியாது. மீறினால் ஊர் கூடிக் கேட்கும், அபராதம் போடும். கணக்கு எல்லோருக்கும் தெரியும். முறை எல்லோருக்கும் தெரியும்.

குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமை பிறப்பை ஒட்டியே வருகிறது. கையாலே துழாவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதிலே இடமில்லை, பெண்களுக்குப் பங்கில்லை. அந்த வேலியைப் பிரித்தெறியத்தான் வேண்டும். ஆனால் வேலிக்குள்ளே இருக்கும் நியாயத்தைப் பாருங்கள்: பொதுச்சொத்து யாருக்கும் பட்டா அல்ல, முறை மாறவேண்டும், கணக்கு ஊரறிய வேண்டும், தவறியவன் ஊர் முன்னே நிற்க வேண்டும். ஆயுள்காலப் பாடு என்று ஒன்று அந்த ஏரியிலே கிடையாது! பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் கூடி எழுதிய ஆக்கிச் சங்கத்தின் விதியிலேதான், ஆயுள்கால நாற்காலி இருந்தது.

ஆகவே நாம் கேட்பது பெரிய வரமல்ல. ஏரியிலே நடப்பது அரங்கிலும் நடக்கட்டும் என்பதுதான்.

நாற்காலிக்கு முறை வையுங்கள். காலம் முடிந்ததும் இறங்குங்கள். கௌரவப் பெயர் சூட்டிக்கொண்டு பின்வாசல் வழியே மீண்டும் ஏறாதீர்கள்.

கணக்கை ஊர் முன்னே வையுங்கள். எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று. எந்த ஆட்டக்காரன் எதனால் சேர்க்கப்பட்டான், எதனால் நீக்கப்பட்டான் என்பதை ஆண்டுதோறும் சொல்லுங்கள். அடித்த கோலையாவது எழுதி வையுங்கள்!

தமிழ்நாட்டின் பெயரைச் சூடும் அணி, தமிழ்நாட்டிலே ஆடட்டும், ஆண்டுதோறும் ஆடட்டும், அதே பெயரோடு ஆடட்டும். எழும்பூரிலே எந்த வாரத்திலே எந்தப் பந்தயம் என்பது, பொங்கல் எப்போது வரும் என்பதுபோல், ஊருக்கே தெரிந்திருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிலைத் திறவுங்கள். கோவில்பட்டியிலே முடிந்தது திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையிலே ஏன் முடியாது? அலையோடு போராடித் துடுப்பு வலித்த தோள், வளைகோல் பிடிக்கச் சளைக்குமா? வலை இழுத்த மணிக்கட்டுக்கு பந்தைத் திருப்பக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? பள்ளிக்கு ஒரு மைதானம், மைதானத்துக்கு ஒரு பயிற்சியாளர், பையனுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு தடி. மாவட்டந்தோறும், ஆண்டு தவறாமல் ஒரு பந்தயம். இவ்வளவுதான். ஒரு நாள் வாணவேடிக்கைக்குச் செலவிடும் பணத்திலே, பல பள்ளிகளுக்கு இதைச் செய்யலாம்.

ரசிகத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபம் நியாயமானது, ஆனால் வீட்டிலே உட்கார்ந்து முணுமுணுக்கும் கோபத்தால் ஆவது ஒன்றுமில்லை. காலி இருக்கையைக் காட்டித்தான், "பார், ஆர்வமில்லை" என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளுகிறார்கள். ஆகவே போங்கள். மாவட்டப் பந்தயத்துக்குப் போங்கள், எம்.சி.சி. கோப்பைக்குப் போங்கள். ஆட்டத்தைப் பாருங்கள், கைதட்டுங்கள், ஆட்டம் முடிந்ததும் நிர்வாகியைப் பார்த்து, "கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். கைதட்டும் உரிமை உள்ளவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

முகத்துவாரத்திலே மணல் மேடிட்டபோது, பழவேற்காட்டு மீனவன் ஏரியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடல் வற்றிவிட்டது என்று எவனாவது சொன்னதையும் நம்பவில்லை. கடல் அங்கேயே இருக்கிறது, அலை அடித்துக்கொண்டே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மண்வெட்டியைத் தேடினான்.

தமிழ்நாட்டிலே ஆக்கி என்ற கடலும் வற்றிவிடவில்லை. மணல்தான் தடுக்கிறது. அள்ளுவோம்!